ஷின்சோ அபே கொலைக்குப் பிறகு மக்களின் பரிவு கொலையாளியின் பக்கம் சாய்ந்தது ஏன்?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2022 ஜூலை 8 அன்று முற்பகல் பதினொன்றரை மணியளவில், ஜப்பானின் நாரா நகரில் யமாட்டோ-சைதாய்ஜி ரயில் நிலையத்தின் வடக்கு வாயிலுக்கு எதிரே, மேலவைத் தேர்தலில் தம் கட்சி வேட்பாளரை ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்த ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை முன்னாள் பிரதமர் என்றே எல்லோரும் குறிப்பிடுகிறோம். ஆனால் அன்று அவர் கீழவையின் நடப்பு உறுப்பினரும்கூட. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், மக்கள் நடுவே நின்று வாக்குக் கேட்கும்போது கொல்லப்பட்டார் என்பதே என் கேள்விக்கு அடிப்படை.

முதல் சில நாட்களில் வெளிப்பட்ட துயரம் எந்த நாட்டிலும் எதிர்பார்க்கக்கூடியதுதான். சம்பவ இடத்துக்கு அருகே மலர் வைப்பதற்காக மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். ஜூலை 12 அன்று டோக்கியோவின் ஸோஜோஜி ஆலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தபோது வழிநெடுகக் கூட்டம் நின்றது. கட்சிகள் கொலைக்கு மறுநாளே பிரசாரத்தைத் தொடர்ந்தன. வன்முறைக்கு அஞ்சித் தேர்தலை நிறுத்தமாட்டோம் என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் ஒரே குரலில் கூறின. ஜூலை 10 அன்று வாக்குப்பதிவும் திட்டமிட்டபடி நடந்து முடிந்தது.

அதன் பிறகு நிலைமை மாறியது. கொலையாளி டெட்சுயா யாமாகாமியின் தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குச் சுமார் 10 கோடி யென் காணிக்கையாகக் கொடுத்துக் குடும்பத்தைக் கடனாளியாக்கியதும், அந்த அமைப்பின் துணை நிறுவனம் ஒன்றுக்கு 2021-இல் அபே வாழ்த்துக் காணொளி அனுப்பியிருந்ததும் தெரியவந்தன. சில வாரங்களுக்குள் காவலில் இருந்த யாமாகாமிக்கு உணவும் உடையும் பணமும் வந்து குவியத் தொடங்கின. தண்டனையைக் குறைக்கக் கோரும் மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 27 அன்று அபேவுக்கு அரசு சார்பில் இறுதி மரியாதை நிகழ்ச்சி நடந்தபோது, அதை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. கருத்துக்கணிப்புகளிலும் எதிர்ப்பாளர்களே பெரும்பான்மையினர்.

ஒரு சமூகம் கொல்லப்பட்டவரை விட்டுவிட்டுக் கொன்றவரின் வாழ்க்கையைப் பேசத் தொடங்குவதை எப்படிப் புரிந்துகொள்வது? ஜப்பானில் இது புதிதா, இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா? அந்தக் குடும்பத்தின் துன்பம் உண்மையானது என்று ஏற்றுக்கொண்ட பிறகும், கொலையைக் கண்டிப்பதில் தளராமல் இருக்க முடியுமா? ஜப்பானிய அரசியலை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

நெய்தல்

வைகறை அவர்களே, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானில் இது புதிதே அல்ல. இதைவிடப் பன்மடங்கு தீவிரமாக நடந்திருக்கிறது. அதன் விளைவையும் அந்த நாடு அனுபவித்திருக்கிறது.

டோக்கியோ ரயில் நிலையத்தின் மருனோஉச்சி தெற்கு வாயிலுக்கு அருகே தரையில் ஒரு சிறிய குறி பதிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு விளக்கப் பலகை இருக்கிறது. 1921 நவம்பர் 4 அன்று பிரதமர் ஹாரா தகாஷி கத்தியால் குத்தப்பட்ட இடம் அது. அதே நிலையத்துக்குள் இன்னொரு குறியும் உண்டு. 1930 நவம்பர் 14 அன்று பிரதமர் ஹமாகுச்சி ஓசாச்சி சுடப்பட்ட இடத்தை அது காட்டுகிறது. அந்தக் காயத்திலிருந்து முழுமையாக மீளாமல் அவர் மறு ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். ஹாராவைக் கொன்ற ரயில்வே ஊழியருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அவர் 1934-இல் விடுதலையாகிவிட்டார். ஹமாகுச்சியைச் சுட்டவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு அது குறைக்கப்பட்டு, 1940-இல் அவரும் வெளியே வந்தார். நாட்டுப்பற்றின் மிகுதியால் செய்த குற்றம் என்றால் சட்டம் சற்றுக் கண்ணை மூடிக்கொள்ளும் என்ற எண்ணம் இப்படித்தான் படிப்படியாக வேரூன்றியது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 1932 மே 15. அன்று கடற்படையின் இளம் அதிகாரிகளும் தரைப்படைப் பயிற்சி மாணவர்களும் பிரதமர் இனுகாய் சுயோஷியின் அதிகாரபூர்வ இல்லத்துக்குள் புகுந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிவிட்ட அந்த முதியவர் ஓடி ஒளியாமல் அவர்களை அறைக்குள் அழைத்துச் சென்று, பேசினால் புரியும் என்று சொன்னதாகவும், பேச்சுக்கு இடமில்லை, சுடு என்று வந்தவர்களில் ஒருவர் கத்தியதாகவும் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அன்றிரவே அவர் இறந்தார்.

மறு ஆண்டு விசாரணை தொடங்கியபோது நீதிமன்றமே குற்றவாளிகளின் மேடையாக மாறியது. வடகிழக்கு ஜப்பானில் விவசாயிகள் பட்டினியால் மகள்களை விற்கும் அவலத்தையும், பணக்காரர்களும் கட்சிக்காரர்களும் சேர்ந்து நாட்டைச் சீரழிப்பதையும் அவர்கள் உருக்கமாக விவரித்தார்கள். நாளிதழ்கள் அதை நாள்தோறும் விரிவாக வெளியிட்டன. கிராமங்களின் வறுமை பொய்யல்ல, அது முழு உண்மை. அதனாலேயே அந்தப் பேச்சு எடுபட்டது. கருணை கோரிய மனுக்களில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், சிலர் இரத்தத்தால் எழுதினார்கள். கடைசியில் ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை. கடற்படைத் தரப்பில் தலைமை தாங்கியவர்களுக்கு 15 ஆண்டுகள், தரைப்படை மாணவர்களுக்கு 4 ஆண்டுகள். பெரும்பாலோர் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள்.

கொல்லப்பட்ட இனுகாயோ, பொதுமக்களின் நினைவிலிருந்து மறைந்தே போனார். அவருக்குப் பின் இரண்டாம் உலகப் போர் முடியும் வரை கட்சி சார்ந்த ஒரு அமைச்சரவைகூட அமையவில்லை. அவருக்கு அடுத்துப் பிரதமரான சைட்டோ மகோட்டோவும், இனுகாய் இறந்தவுடன் தற்காலிகமாகப் பிரதமர் பொறுப்பை வகித்த தகஹாஷி கோரெகியோவும், 1936 பிப்ரவரி 26 அன்று இளம் இராணுவ அதிகாரிகளின் கிளர்ச்சியில் தத்தம் வீடுகளிலேயே கொல்லப்பட்டார்கள். அப்போதுதான் ஆட்சியாளர்கள் விழித்துக்கொண்டு, கிளர்ச்சிக்காரர்களை இரகசிய இராணுவ நீதிமன்றத்தில், வழக்கறிஞர் துணையின்றி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். 1933-இல் மக்கள் காட்டிய பரிவுதான் 1936-க்கு ஒரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். இராணுவத்துக்குள்ளிருந்த கோஷ்டிச் சண்டைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் தூய நோக்கம் இருந்தால் நாடு மன்னிக்கும் என்று அந்த இளைஞர்கள் நம்பியதற்கு முந்தைய தீர்ப்புகள் அவர்களுக்கு எல்லாக் காரணங்களையும் கொடுத்திருந்தன.

ஆகவே யாமாகாமிக்கு வந்த பரிசுப் பொருட்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை, அச்சம்தான் ஏற்பட்டது.

செங்காந்தள்

நெய்தல் அவர்களின் வரலாற்று விவரங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 1933-ஐயும் 2022-ஐயும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க முடியவில்லை. ஒசாகாவில் வசிப்பவள் என்ற முறையில், இங்கே அந்த மாதங்களில் என்ன பேசப்பட்டது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். யாமாகாமி சிறுவனாக இருந்தபோதே தந்தை தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகு தாய் அந்த மத அமைப்பில் சேர்ந்து, காப்பீட்டுத் தொகையையும் பரம்பரைச் சொத்தையும் காணிக்கையாக்கினார், 2002-இல் திவாலானார். நோயுற்றிருந்த அண்ணன் 2015-இல் தற்கொலை செய்துகொண்டார். யாமாகாமி முதலில் குறிவைத்தது அந்த அமைப்பின் தலைவியைத்தான். நெருங்க முடியாமல் போகவே அபேவைத் தேர்ந்தெடுத்தார். கொலைக்கு முந்தைய நாள் அந்த அமைப்பை விமர்சித்து எழுதிவந்த ஒரு கட்டுரையாளருக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், அபே தன் உண்மையான எதிரி அல்லர் என்று அவரே எழுதியிருந்தார். இந்த ஒரு வரி போதும், அந்தக் கொலை எவ்வளவு அநியாயமானது என்பதைக் காட்ட. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மக்கள் எதற்காகக் கொதித்தார்கள்? இந்த அமைப்பால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடும் வழக்கறிஞர்களின் கூட்டமைப்பு 1987 முதல் இயங்கிவருகிறது. முன்னோர்களின் பாவம் தீரும் என்று சொல்லி முத்திரைக் கட்டைகளையும் குடுவைகளையும் கொள்ளை விலைக்கு விற்றதற்காக நீதிமன்றங்கள் பல முறை அந்த அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கின்றன. 2021-இல் அபே காணொளி அனுப்பியபோது, இதே வழக்கறிஞர்கள் அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டத்தின் வழியே, அமைதியாக, பொறுமையாகச் சொல்லப்பட்ட எதற்கும் அரசியல்வாதிகள் செவிசாய்க்கவில்லை. கொலைக்குப் பிறகு அபேயின் கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சி தன் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமே விசாரித்தபோது, 379 பேரில் 179 பேருக்கு அந்த அமைப்புடன் ஏதோ ஒரு வகைத் தொடர்பு இருந்தது தெரியவந்தது. மக்களின் சினம் இந்த எண்ணிக்கையைக் கண்டு எழுந்தது. துப்பாக்கியின் மீது ஏற்பட்ட மோகத்தால் எழவில்லை.

அந்த அமைப்பின் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்களை இங்கே இரண்டாம் தலைமுறையினர் என்கிறார்கள். கொலைக்குப் பிறகுதான் அவர்கள் தொலைக்காட்சியில் முகம் காட்டிப் பேசினார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு இல்லாத பணம் காணிக்கைக்கு மட்டும் இருந்ததையும், உற்றார் உறவினரோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனதையும் அவர்கள் சொன்னபோது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அண்டை வீட்டு அம்மாள், இத்தனை ஆண்டுகள் இந்தப் பிள்ளைகளை யாரும் ஏன் கேட்கவில்லை என்று கண்கலங்கினார். அவர் ஒவ்வொரு தேர்தலிலும் அபேயின் கட்சிக்கே வாக்களித்தவர். கொலையாளியை அவர் ஒரு கணமும் நியாயப்படுத்தவில்லை. இத்தகையவர்களின் இரக்கத்தையும், இரத்தத்தால் மனு எழுதிய 1933-இன் வெறியையும் ஒன்றாகக் கருதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

அரசு இறுதி மரியாதையை எதிர்த்தவர்களைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. போருக்குப் பின் முன்னாள் பிரதமர் ஒருவருக்கு அப்படி நடந்தது 1967-இல், ஷிகேரு யோஷிதாவுக்கு மட்டுமே. அபேவுக்கு அதை நடத்துவது என்று பிரதமர் கிஷிதா நாடாளுமன்றத்தில் விவாதிக்காமலே முடிவெடுத்தார். சுமார் 120 கோடி யென் செலவானது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவெடுத்த முறையையும் செலவையும் எதிர்த்தார்கள். அதைக் கொலைக்கு ஆதரவாகக் கணக்கில் சேர்ப்பது பிழை.

மருதம்

பொதுமக்களின் எதிர்வினை என்று பேசும்போது, அரசியல் எதிரிகள் அந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மக்களின் உணர்வுக்கு அவர்களே பெரும்பாலும் வடிவம் தருகிறார்கள்.

1960 அக்டோபர் 12 அன்று, டோக்கியோவின் ஹிபியா அரங்கில் மூன்று கட்சித் தலைவர்கள் பங்கேற்ற கூட்டத்தில், சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவன் பதினேழு வயதுச் சிறுவன். கையில் சிறிய வாள். அதே மேடையில் பிரதமர் ஹயாட்டோ இகேதாவும் அமர்ந்திருந்தார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்த ஆண்டு அது. நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. சில நாட்களில் நாடாளுமன்றத்தில் அசானுமாவுக்கு அஞ்சலி உரை ஆற்றியவர் இகேதாதான். உழைக்கும் மக்களின் குரலாக ஊர் ஊராகச் சென்று பேசிய மனிதர் என்று எதிர்க்கட்சித் தலைவரை அவர் போற்றியபோது, சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் அமைதியாக அமர்ந்து கேட்டார்கள். பழிவாங்கும் கலவரமாக மாறியிருக்கக்கூடிய ஆத்திரம் தணிந்ததில் அந்த உரைக்குப் பங்கு உண்டு என்பதே என் கணிப்பு.

அடுத்த மாதத் தேர்தலில் இகேதாவின் கட்சி 296 இடங்களுடன் பெரும்பான்மை பெற்றது. அசானுமாவின் தொகுதியில் அவருடைய மனைவி நின்று வென்றார். கைதான சிறுவன் நவம்பர் 2 அன்று காவலில் தற்கொலை செய்துகொண்டான். தீவிர வலதுசாரிகள் இன்றுவரை அவனுக்கு நினைவுநாள் நடத்துகிறார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு பதினேழு வயதுச் சிறுவன், பேரரசர் குடும்பத்தைப் பற்றிய ஒரு கதையை வெளியிட்டதற்காகப் பதிப்பக உரிமையாளர் ஒருவரின் வீட்டில் புகுந்து பணிப்பெண்ணைக் கொன்றான். பெரும்பான்மையினர் கண்டித்தாலும் சிறுபான்மையினரின் புகழ்ச்சியே அடுத்தவனைத் தூண்டப் போதுமானது என்பதை நெய்தல் அவர்களின் வாதத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

அபேவுக்கு 2022 அக்டோபர் 25 அன்று நாடாளுமன்றத்தில் அஞ்சலி உரை ஆற்றியவரும் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே: 2012-இல் அபேயிடம் தோற்றுப் பிரதமர் பதவியை இழந்த யோஷிஹிகோ நோடா. அபேயின் ஆட்சியைப் பற்றிய விமர்சனத்தை மறைக்காமலும், மறைந்தவரின் மரியாதையைக் குறைக்காமலும் பேசிய அந்த உரையை இரு தரப்பினரும் பாராட்டினார்கள். அரசு நிகழ்ச்சி செய்யத் தவறியதை அந்த உரை செய்தது.

கலங்கரை

பிரதமர்களைப் பற்றியே பேசுகிறோம். நாகசாகி நகரின் இரண்டு மேயர்களை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். எதிர்வினை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நகர மக்களிடம் கற்க வேண்டியது அதிகம் என்று நினைக்கிறேன்.

பேரரசர் ஹிரோஹிட்டோ மரணப் படுக்கையில் இருந்த 1988 டிசம்பரில், மேயர் ஹிதோஷி மோட்டோஷிமா, நகர மன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதிலாக, போருக்கான பொறுப்பு பேரரசருக்கும் உண்டு என்றே தாம் கருதுவதாகச் சொன்னார். அவரும் பழமைவாத முகாமைச் சேர்ந்தவரே. ஆனாலும் ஆளுங்கட்சியினர் அவரைக் கைவிட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய தீவிர வலதுசாரி வண்டிகள் நாடெங்கிலுமிருந்து நாகசாகிக்கு வந்து நாள் முழுவதும் கூச்சலிட்டன. அதே வேளையில், 7,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் அவருக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆதரவுக் கடிதங்கள். போரில் மகனையோ கணவனையோ இழந்த முதியவர்கள் பலர், வாழ்நாளில் முதன்முறையாக அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஓராண்டு கழித்து, கூச்சல் அடங்கிவிட்டதென்று காவல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1990 ஜனவரி 18 அன்று, மாநகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் காரில் ஏறும்போது அவர் சுடப்பட்டார். குண்டு நெஞ்சில் பாய்ந்தும் உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் நாகசாகி மக்கள் அவரையே மீண்டும் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாமவர் இச்சோ இட்டோ. நான்காவது முறையாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த அவரை, 2007 ஏப்ரல் 17 மாலை, ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த தேர்தல் அலுவலகத்துக்கு முன்னால் யாக்குசா எனப்படும் குற்றக் கும்பல் ஒன்றைச் சேர்ந்தவர் முதுகில் சுட்டார். மறுநாள் அதிகாலை அவர் இறந்தார். மாநகராட்சியுடன் இருந்த ஓர் இழப்பீட்டுத் தகராறே பின்னணி. வாக்குப்பதிவுக்கு நான்கு நாட்களே இருந்தன. முன்கூட்டியே அவருக்கு அளிக்கப்பட்ட வாக்குகள் செல்லாதவையாயின. அவருடைய மருமகன் வேட்பாளரானார்; மாநகராட்சி ஊழியராக இருந்த டோமிஹிசா தவுவேயும் கடைசி நேரத்தில் போட்டியிட்டார். துயரத்தில் இருந்த நகரம் அனுதாப வாக்கை வாரி வழங்கும் என்று எல்லோரும் நினைத்தபோது, மிகக் குறைந்த வித்தியாசத்தில் தவுவே வென்றார். இட்டோவுக்காகக் கண்ணீர் விட்டவர்களிலேயே பலர், நகர நிர்வாகம் குடும்பச் சொத்தாகக் கூடாது என்று வாக்களித்திருக்க வேண்டும். இட்டோவைச் சுட்டவருக்கு ஆதரவாக ஒரு குரலும் எழவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட பண விவகாரம் என்பதால் அவரைப் போற்ற எவருக்கும் முகாந்திரம் கிடைக்கவில்லை. மக்களின் பரிவு கொலையாளியின் காரணத்தை எடைபோட்ட பிறகே கிளம்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காரணம் எவ்வளவு நல்லதாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு விழிப்பாக நாம் இருக்க வேண்டும்.

வைகறை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. செங்காந்தள் அவர்களின் பதிலைப் படித்த பிறகு என் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் மீதான இரக்கத்தையும் கொலையாளியின் மீதான பரிவையும் நான் ஒன்றாகக் கலந்துவிட்டேன் போலும். ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. 2022 டிசம்பரில் முறைகேடான காணிக்கை வசூலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் அந்த அமைப்பைக் கலைக்குமாறு டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பது ஆண்டு வழக்குகளால் நடக்காதது ஒரு கொலைக்குப் பிறகு மூன்றே ஆண்டுகளில் நடந்தது. இதைப் பார்க்கும் அடுத்த இளைஞர் என்ன முடிவுக்கு வருவார்? 2023 ஏப்ரலில் கிஷிதா மீது வெடிகுண்டு வீசப்பட்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

செங்காந்தள்

நீங்கள் கேட்டது மிகக் கடினமான கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன்: அந்தச் சட்டம் வந்தபோது மகிழ்ந்தேன், அது வந்த வழியை நினைத்து வருந்தினேன். இரண்டும் என்னிடம் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் கொலை செய்த ஒருவர் கேட்டதைக் கொடுத்தது போலாகிவிடும் என்று அஞ்சி, பாதிக்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்களுக்கான நீதியை அரசு நிறுத்திவைத்திருந்தால், அந்தக் குடும்பங்கள் யாமாகாமியால் இரண்டாம் முறை பாதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பிள்ளைகள் யாரையும் கொல்லவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், மனுக் கொடுத்தார்கள், நாடாளுமன்றக் குழுக்களின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். சட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. அதை யாமாகாமியின் கணக்கில் வரவு வைப்பதைத்தான் நாம் நிறுத்த வேண்டும்.

நெய்தல்

செங்காந்தள் அவர்களின் இந்தப் பதிலுடன் முழுமையாக உடன்படுகிறேன். 1933-ஐயும் 2022-ஐயும் ஒப்பிட்டதில் ஒரு வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்: அன்று மக்கள் கேட்டது கொலையாளிகளுக்கு விடுதலை, இன்று பெரும்பாலோர் கேட்டது ஒரு சட்டம். நீதிமன்றமும் அன்று போல் வளைந்துகொடுக்கவில்லை. 2025 அக்டோபரில் நாரா மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது யாமாகாமி கொலையை ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு, துயரமான வளர்ப்பு கொலைக்கு நியாயமாகாது என்ற நிலையிலேயே நின்று வாதாடியது.

கிஷிதா மீது குண்டு வீசப்பட்ட வகாயாமா சம்பவத்தைப் பொறுத்தவரை, 2023 ஏப்ரல் 15 அன்று சைகாசாகி மீன்பிடித் துறைமுகத்தில் குண்டு வீசியவர் 24 வயது இளைஞர். மேலவைத் தேர்தலில் போட்டியிட 30 வயதும் 30 லட்சம் யென் வைப்புத்தொகையும் வேண்டும் என்ற விதியை எதிர்த்து அவர் ஏற்கெனவே வழக்குத் தொடுத்திருந்தார். கைதான பிறகு காவல்துறை விசாரணையில் அவர் வாய் திறக்கவில்லை. ஆகவே அபே கொலையிலிருந்து அவர் எதைக் கற்றார் என்று நாமாகக் கற்பிப்பது தவறு. வீட்டிலேயே குழாயைக் கொண்டு ஆயுதம் செய்தது, தேர்தல் பிரசாரக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தது ஆகிய ஒற்றுமைகளை மட்டும் எல்லோரும் கவனித்தார்கள். 2025 பிப்ரவரியில் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த நிகழ்வின் காணொளியில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான். குண்டு வந்து விழுந்தவுடன், கூட்டத்தில் நின்ற மீனவர் ஒருவர் பின்னாலிருந்து அந்த இளைஞரின் கழுத்தைக் கையால் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டார்; காவலர்கள் அதன் பிறகே அவர்மீது பாய்ந்தார்கள். நாராவில் அபேயின் பின்புறத்தைக் கவனிக்க யாருமில்லாமல், முதல் குண்டுக்கும் இரண்டாம் குண்டுக்கும் இடையே கிடைத்த சுமார் இரண்டரை வினாடியும் வீணாகிப்போனதை நினைத்துப் பாருங்கள்.

அப்போது ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், குண்டு வீசியவரின் பின்னணியை ஒரு சிறிதும் பொருட்படுத்தமாட்டேன் என்று எழுதினார்; பலர் கைதட்டினார்கள். பின்னணியை விசாரிப்பது காவல்துறையின் கடமை, செய்தியாளரின் கடமை, தொடர்புடைய துறை அமைச்சரின் கடமை. அதைக் கைவிட்டால் அந்த வழக்கறிஞர்களைப் போன்றவர்கள் இன்னும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். அதே விதியை எதிர்த்து, தேர்தலைப் பொறுத்து 25 அல்லது 30 என்றுள்ள வேட்பாளர் வயது வரம்பைக் குறைக்கக் கோரி, வேறு இளைஞர்களும் நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களுடைய மனுவை, வகாயாமாவில் குண்டு வெடித்தது என்பதற்காக விரைவாகவும் விசாரிக்கக் கூடாது, அதே காரணத்துக்காக ஒதுக்கவும் கூடாது.